சத்து போட்டா மட்டும் போதாது, இளம்புழு வாய வைக்கணும்: மல்பெரி மாவுத் தீனி செஞ்சு பாத்த அனுபவம்

பொரிஞ்சு வந்த பட்டுப்புழுவ முதல் தடவையா நானே செஞ்ச செயற்கை தீனி மேல விட்ட அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. சாயங்காலம் விட்டது, காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு லென்ஸ எடுத்துட்டு போய் பாத்தா தீனி மேல ஒரு புழு கூட இல்ல, எல்லாம் தட்டோட ஓரத்துல வரிசையா ஏறி நிக்குது, சிலது மெல்லிசா நூல் விட்டுட்டு விளிம்புல தொங்குது, தீனி மேல அங்கங்க அந்த நூல் மட்டும் ஒட்டடை மாதிரி படிஞ்சு கெடக்கு. எச்சம், அதாவது புழு தின்னுட்டு போடுற கழிவு, ஒரு துளி கூட இல்ல. மூணாவது நாள் பாதிக்கு மேல செத்துப் போச்சு, கிட்ட இருந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும் அது எவ்ளோ கஷ்டம்னு. சாப்பாட்டு மேலயே விட்டும் பட்டினில சாகுது.

இத்தனைக்கும் அந்த தீனில சத்துக்கு ஒரு குறையும் வைக்கல. கொழுப்பு நீக்குன சோயா மாவு பாதிக்கு மேல போட்டேன், ஸ்டார்ச், சக்கரை, உப்புக் கலவை, வைட்டமின் எல்லாம் இருந்துச்சு, மல்பெரி இலைப் பொடி மட்டும் நூறு கிராம் காஞ்ச எடைக்கு பதினஞ்சு கிராம்தான். புரதம் ஜாஸ்தியா இருந்தா புழு நல்லா வளரும்னு நெனச்சேன். வளர்றது அப்புறம், முதல்ல அது வாய வைக்கணும்ல, அத நான் யோசிக்கவே இல்ல.

அன்னிக்கு ஒரு சின்ன டெஸ்ட் பண்ணேன். உயிரோட இருந்த புழுவுக்கு நடுவுல ஒரு கொழுந்து இலைத் துண்ட நறுக்கி வச்சேன். ஓரத்துல ஏறி நின்னதெல்லாம் தலைய ஆட்டி ஆட்டி கொஞ்ச நேரத்துலயே இறங்கி வந்துடுச்சு, அரை மணி நேரத்துல இலைல பொடிப் பொடி ஓட்டை. அப்ப புழுவுல எந்த குறையும் இல்ல, பசியும் இருக்கு, நடக்கவும் தெம்பு இருக்கு, நான் குடுத்தத அது சாப்பாடுன்னே ஒத்துக்கல, அவ்ளோதான் விஷயம்.

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். ஜப்பான்ல 1960லயே செயற்கை தீனிலயே புழுவ கடைசி வரைக்கும் வளத்து காமிச்சிருக்காங்க. அந்த காலத்துல ஹமாமுராங்கிற விஞ்ஞானியும் அவர் கூட இருந்தவங்களும் மல்பெரி இலைய கூறு கூறா பிரிச்சு எந்த பொருள் புழுவ என்ன செய்ய வைக்குதுன்னு பாத்து, புழு சாப்பிடுறத மூணு படியா பிரிச்சாங்க. முதல் படி கிட்ட வர வைக்கிற வாசனை, சிட்ரால், லினலூல் மாதிரி பொருளுங்க. ரெண்டாவது படி கடிக்க வைக்கிறது, பீட்டா சிட்டோஸ்டெராலும் ஐசோக்வெர்சிட்ரின், மோரின் மாதிரி பொருளும். மூணாவது படி தொடர்ந்து முழுங்க வைக்கிறது, அதுக்கு செல்லுலோஸ் முக்கியம், கூட சக்கரை, இனோசிட்டால், பாஸ்பேட், சிலிக்காவெல்லாம் உதவி பண்ணுது. இத படிச்சதும் எனக்கு சட்டுனு ஒண்ணு தோணுச்சு, செல்லுலோஸ பட்டுப்புழு ஜீரணமே பண்ணாது, சத்து கணக்குல அது சுத்த வெத்து, ஆனா அது இல்லாட்டி முழுங்குறது சரியா நடக்க மாட்டேங்குது. நான் என்னோட முதல் கலவைல சத்து இல்லாத பொருள்னு சொல்லி ஒதுக்குனது இதத்தான்.

பின்னாடி வந்த ஆராய்ச்சில இன்னும் தெளிவா இருக்கு. 2009ல சிஸ்-ஜாஸ்மோன்னு ஒரு வாசனைப் பொருள கண்டுபிடிச்சு சொன்னாங்க, மல்பெரி இலைல இருந்து வர்றது, அத மோந்து பிடிக்கிறதுக்குன்னே புழுகிட்ட ஒரு ரிசப்டார் இருக்கு. 2020ல வந்த ஒரு ஆய்வுல, வாய்க்குப் பக்கத்துல இருக்குற மேக்ஸில்லாவோட நுனில உள்ள குட்டி உறுப்பு இலைய தொட்ட உடனே குளோரோஜெனிக் ஆசிட், ஐசோக்வெர்சிட்ரின் மாதிரி பொருள், பீட்டா சிட்டோஸ்டெரால் இதெல்லாத்தையும் ரொம்ப ரொம்ப கம்மி அளவுல கூட கண்டுபிடிச்சு ஒரு சோதனைக் கடி கடிக்க வைக்குதுன்னும், அந்த கடில வர்ற சாறுல சக்கரையும் இனோசிட்டாலும் இருந்தா பக்கத்துல இருக்குற இன்னொரு உறுப்பு அத சுவைச்சு தொடர்ந்து கடிக்க வைக்குதுன்னும் சொல்றாங்க. அதாவது மொத கடிக்கு ஒரு சாவி, மேல மேல கடிக்க இன்னொரு சாவி. மேக்ஸில்லாவ எடுத்துட்டா புழு முட்டைகோஸ் இலைய கூட தின்னுடும்னு பழைய ஆய்வுலயே இருக்கு. 2019ல கசப்பு தெரிஞ்சிக்கிற ஒரே ஒரு ஜீன, ஜிஆர்66னு பேரு, செயலிழக்க வச்சப்ப மல்பெரிய தவிர எதையும் தொடாத புழு பழம், தானியம் வரைக்கும் தின்ன ஆரம்பிச்சிடுச்சு. அதனால பட்டுப்புழுவுக்கு மல்பெரி பிடிக்கும்னு மட்டும் புரிஞ்சிக்கிட்டா பத்தாது, மத்ததெல்லாம் அதுக்கு கசக்குது, அதையும் சேத்துதான் பாக்கணும்.

இதெல்லாம் படிச்சப்புறம் நான் தீனி செய்யுற விதத்த விட பாக்குற விதத்ததான் மொதல்ல மாத்துனேன். புழு சாப்பிடலன்னு மொத்தமா சொல்றத விட்டுட்டு எந்த படில நின்னு போச்சுன்னு பாக்க ஆரம்பிச்சேன். இது பழகிட்டா தட்ட பாத்தாலே தெரியும். புழு தீனி பக்கமே வரல, ஓரம் ஏறுது, நூல் விடுது, அப்படின்னா வாசனைல தப்பு. தீனி மேல வந்து நிக்குது, தலைய இப்படியும் அப்படியும் ஆட்டி தொட்டு பாக்குது, ஆனா கடிச்ச தடம் இல்ல, அப்படின்னா இலைப் பொடில கடிக்க வைக்கிற பொருள் செத்துப் போச்சு. லென்ஸ்ல பாத்தா மேல ஊசி குத்துன மாதிரி ஆழமே இல்லாத குழி இருக்கு, எச்சம் இல்ல, அப்படின்னா கடிச்சு பாத்துட்டு வேண்டாம்னு விட்டுடுச்சு, கசப்போ புளிப்போ மருந்தோ ஜாஸ்தி. எச்சம் இருக்கு ஆனா கம்மி, புழு சைஸ்ல ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருக்குன்னா அப்ப ஈரம், பதம், இல்லாட்டி சத்து கணக்கு.

ஒரு விஷயம், சாப்பிடாம நிக்கிற எல்லா புழுவும் சாப்பாட்ட மறுக்குதுன்னு நெனச்சிடாதீங்க. பட்டுப்புழு விடாம தின்னுட்டே இருக்காது, கொஞ்ச நேரம் தின்னும், அப்புறம் தலைய தூக்கி சும்மா இருக்கும், திரும்ப தின்னும். அதனால ஒரு தடவை பாத்து முடிவு பண்ணக்கூடாது, நான் விட்டதுல இருந்து ஒரு மணி, மூணு மணி, பன்னெண்டு மணி, இருவத்தி நாலு மணி நேரத்துல பாத்து எழுதி வைப்பேன். இருவத்தி நாலு மணி நேரத்துல பாக்க வேண்டியது கலர். பொரிச்சப்ப கருப்பா முடி முடியா மூணு மில்லிமீட்டர் நீளத்துல இருக்கும், எடை அரை மில்லிகிராம் கூட வராது, நல்லா தின்ன புழு ஒரு நாள்ல உடம்பு உப்பி அந்த முடியெல்லாம் தள்ளித் தள்ளி தெரிய ஆரம்பிச்சு கருப்பு வெளுத்து சாம்பலுக்கு போயிடும். தின்னாதது அதே கருப்பா இன்னும் மெலிஞ்சு கெடக்கும். வெள்ளைப் பேப்பர் மேல வச்சு பாத்தா ரெண்டையும் சின்னப் பசங்க கூட பிரிச்சு சொல்லிடுவாங்க.

சரி, பொருள் ஒவ்வொண்ணா வர்றேன், இதுல நான் ரொம்ப அடிபட்டது இலைப் பொடிலதான்.

முதல்ல நான் இலைய வெயில்ல ரெண்டு மூணு நாள் காய வச்சு அரைச்சேன், பொடி பழுப்பா இருந்துச்சு, வாசனை வைக்கோல் மாதிரி. புழு மேல வந்துச்சு, தொட்டுச்சு, கடிக்கல. இலை மெதுவா காயும்போது வெட்டுன ஆப்பிள் பழுப்பாகுற மாதிரிதான் உள்ள நடக்குது, குளோரோஜெனிக் ஆசிட் மாதிரி பொருளெல்லாம் ஆக்சிஜன் பட்டு மாறிடும், புழு தேடுறதே அந்த பொருளத்தான். அப்புறம் கொழுந்துக்கு கீழ இருக்குற பளபளன்னு உள்ள இளசான இலையா காலைல பறிச்சு, காம்பு தடிச்ச நரம்ப எடுத்துட்டு, காத்து ஓடுற டிரையர்ல ஐம்பத்தஞ்சு அறுபது டிகிரில அன்னிக்கே காய வச்சு எடுத்தேன். பொடி பச்சையா வந்துச்சு, டப்பாவ திறந்தா இலை வாசனை அடிச்சுது. மத்த எல்லாம் அதே அளவு, தண்ணி அதே அளவு, பொடி மட்டும்தான் வேற, தட்டுல வித்தியாசம் ராத்திரியும் பகலும் மாதிரி. பொடிய காத்து புகாத டப்பால இருட்டுல குளுர்ச்சியா வைக்கணும், மாசக் கணக்குல வெளிச்சத்துல வச்ச பொடிய நான் இப்ப இளம்புழுவுக்கு எடுக்குறதே இல்ல.

அரவையும் முக்கியம். மொதல்ல மிக்ஸில அரைச்சத அப்படியே போட்டேன், அதுல நார் துண்டு துண்டா இருந்துச்சு. நம்ம கண்ணுக்கு அது தூள்தான், ஆனா முதல் பருவப் புழுவோட (பொரிஞ்சதுல இருந்து முதல் தோலுரிப்பு வரைக்கும் முதல் பருவம், அப்புறம் ஒவ்வொரு தோலுரிப்புக்கும் அடுத்த பருவம்) வாய் எவ்ளோ சின்னதுன்னு யோசிங்க, அந்த நார் அதுக்கு கட்டை. மெல்லிசு சல்லடைல, நூறு மெஷ்ல (ஒரு அங்குலத்துக்கு நூறு கண்ணி) சலிச்சு விழுந்தத மட்டும் எடுத்தப்புறம் புழு சைஸ் ஒரே மாதிரி வர ஆரம்பிச்சுது. மேல நின்ன கரடுமுரடு தூக்கிப் போட வேண்டாம், மூணாவது பருவத்துக்கு மேலயும் தீனியே குடுக்குறதா இருந்தா அதுக்கு தாராளமா ஓடும்.

சோயா மாவு இல்லாம இந்த தீனி நிக்காது, புரதம் அங்கிருந்துதான் வருது, ஆனா பச்சை மாவுல ஒரு கசப்பு பச்சை வாடை இருக்கு, ஜீரணத்த தடுக்குற பொருளும் இருக்கு. நல்லா வேகணும். ஒரு பேட்ச்ல அவசரத்துல சரியா வேக வைக்காம விட்டுட்டேன், நான் சொன்ன அந்த ஊசிக் குழி தடம் தட்டு முழுக்க, எச்சம் இல்ல. அதே மாவ அடுத்த தடவை முழுசா வேக வச்சதும் தின்னுச்சு. அளவுன்னு பாத்தா இலைப் பொடிய விட சோயா ஜாஸ்தி ஆகுற இடத்துல எங்கிட்ட இருந்த புழுவுங்க தயங்க ஆரம்பிச்சுது. இதுல இனத்துக்கு இனம் மாறும், சில இனம் இலைப் பொடி ரொம்ப கம்மியா இருந்தாலும் தின்னும், சிலது கொஞ்சம் கொறைஞ்சாலே ஓரம் ஏறிடும். அதனால அடுத்தவங்க கலவைய அப்படியே எடுத்து ஆயிரக்கணக்குல புழுவ விடாதீங்க, உங்க இனத்துல நூறு புழுவ விட்டு ஒரு நாள் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கெட்டுப் போகாம இருக்க போடுற சார்பிக் ஆசிட், சிட்ரிக் ஆசிட் பத்தி சொல்லியே ஆகணும். முதல் பருவத்துக்கு வச்ச தீனி இளஞ்சூட்டுல ஈரத்துல ரெண்டு மூணு நாள் கெடக்குது, பூஞ்சை வராம இருக்கணும்னா ரெண்டும் வேணும். ஒரு தடவை ஓரத்துல பூஞ்சை பாத்து பயந்துபோய் சார்பிக் ஆசிட்ட மூணு மடங்கு ஏத்திட்டேன். பூஞ்சை வரல, ஆனா புழுவும் வளரல. கடிக்குது, விடுது, இன்னொரு இடம் போய் கடிக்குது, விடுது, நாலாவது நாளும் அதே சைஸ். இப்ப காஞ்ச எடைல நூத்துக்கு 0.2 கிராமுக்கு மேல போறது இல்ல, சிட்ரிக் ஆசிட் ரெண்டு ரெண்டரை கிராமோட நிறுத்திடுறேன், மிச்சத்த கைய பாத்திரத்த சுத்தமா வச்சு பாத்துக்கிறேன். தட்டு, கத்தி, ரூம் எல்லாம் கிருமிநாசினி போட்டு தொடச்சு, தீனிய ஆவில வேக வச்சு மூடியே ஆற விட்டா பூஞ்சை பாதி கொறைஞ்சிடும். தீனில மருந்த ஏத்துனா அந்த சுமை அரை மில்லிகிராம் புழு மேல போய் விழும், நம்ம வேலைய நம்ம செஞ்சா அதுக்கு அது தேவைப்படாது.

வைட்டமின் சி, அதான் அஸ்கார்பிக் ஆசிட், பட்டுப்புழுவுக்கு கண்டிப்பா வேணும், அதுக்கு தானா தயாரிச்சிக்க முடியாது, ஆனா சூட்டுல கெட்டுடும். நான் கலவைய வேக வச்சு கொஞ்சம் ஆறி கை பொறுக்குற சூட்டுக்கு வந்தப்புறம், அகர் (தீனிய கெட்டியாக்குற கடல்பாசிப் பொடி) இறுகுறதுக்கு முன்னாடி, பி வைட்டமினோட சேத்து கலக்கி ஊத்திடுவேன். அந்த இடைவெளி கொஞ்சம்தான், எல்லாத்தையும் முன்னாடியே எடை போட்டு பக்கத்துல வச்சிக்கணும்.

சக்கரைல நான் பண்ண தப்பு வேற மாதிரி. புழுவுக்கு இனிப்பு பிடிக்கும்னு தெரிஞ்சதும் பதினஞ்சு கிராம் வரைக்கும் ஏத்துனேன், முதல் நாள் நல்லா தின்னுச்சு, அப்புறம் தீனி மேல பிசுபிசுன்னு ஆகி புழு ஒட்டிக்கிச்சு, கூட்டமா தேங்கிச்சு, தோலுரிப்பும் ஒரே நேரத்துல வரல. ஆறு எட்டு கிராமே போதும்.

பதம் இருக்கே, அதுக்கு பேப்பர்ல அளவு எழுத முடியாது, கை சொல்லணும். அகர் ஜாஸ்தியானா ரப்பர் மாதிரி ஆகி புழு கடிச்சு பிய்க்க முடியாது. கொறைஞ்சா தண்ணி கசிஞ்சு புழு அதுலயே நனைஞ்சு செத்துடும். இளசு இலைல முக்கால் பங்குக்கு மேல தண்ணி, அதனால தீனியும் கிட்டத்தட்ட அந்த ஈரத்துக்கு வரணும், ஒரு பங்கு காஞ்ச கலவைக்கு மூணு பங்கு கிட்ட தண்ணி ஊத்துறேன். விரல வச்சு அழுத்துனா அமுங்கி திரும்ப வரணும், விரல்ல ஈரம் தெரியணும் ஆனா சொட்டக்கூடாது. அத மெல்லிசா சீவி வைக்கும்போது மேல வரி வரியா கீறி விடுங்க, வழவழன்னு இருக்குற மேல்பரப்புல ஏறி திணர்ற புழு அந்த பள்ளத்துல உக்காந்து விளிம்புல இருந்து கடிக்க ஆரம்பிச்சிடும், இலையையும் அது ஓரத்துல இருந்துதானே கடிக்குது. மேல் தோல் காஞ்சு போச்சுன்னா உள்ள எவ்ளோ நல்லா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. முதல் பருவத்துல ரூம் இருவத்தொம்போது முப்பது டிகிரி, ஈரப்பதம் எம்பத்தஞ்சு தொண்ணூறு கிட்ட, மேல மூடி, இருட்டு. வெளிச்சம் ஒரு பக்கமா விழுந்தா புழுவெல்லாம் அந்த பக்கமா போய் குமிஞ்சிடும், அத வாசனை சரியில்லன்னு நான் ஒரு தடவை தப்பா எடுத்துக்கிட்டேன்.

குறுக்கு வழி ஒண்ணு முயற்சி பண்ணதையும் சொல்லிடுறேன். பழைய பழுப்புப் பொடில செஞ்ச தீனி மிச்சம் இருந்துச்சு, அத வீணாக்க மனசு வராம பச்சை இலைய இடிச்சு சாறு எடுத்து பிரஷ்ல மேல தடவி விட்டேன். எல்லா புழுவும் ஓடி வந்து கடிச்சுது, எனக்கு அவ்ளோ சந்தோஷம். ஆறு ஏழு மணி நேரம் கழிச்சு பாத்தா மேல் தோல மட்டும் சுரண்டி தின்னுட்டு நிறுத்திடுச்சு, சாறு எந்த ஆழம் வரைக்கும் ஊறுச்சோ அந்த ஆழம் வரைக்கும் மட்டும்தான் குழி. அன்னிக்கு நான் கத்துக்கிட்டத எந்த கட்டுரையும் இவ்ளோ தெளிவா சொல்லிக் குடுக்கல, புழு ஒவ்வொரு கடிலயும் திரும்பத் திரும்ப சரி பாக்குது, வாசல்ல மட்டும் இல்ல.

இன்னொரு முக்கியமான விஷயம், முதல் கடி எதுன்னு ரொம்ப யோசிச்சு குடுங்க. ஒரு தடவை பாவம்னு பொரிச்ச உடனே ஒரு நாள் இலை குடுத்துட்டு மறுநாள் தீனிக்கு மாத்துனேன், அதுக்கு முந்தின பேட்ச்ல நல்லா ஓடுன அதே தீனிதான், திரும்பிக் கூட பாக்கல. இலைய ருசி பாத்த புழு தீனிக்கு வராது, தீனில ஆரம்பிச்ச புழு இலைக்கு தாராளமா போகும். அதனால தீனின்னு முடிவு பண்ணா பொரிச்ச அன்னிக்கே தீனி, பக்கத்துல இலை வாசனை கூட இருக்கக்கூடாது. எல்லாம் ஒரே நேரத்துல பொரியணும்னா முட்டை நீலமா மாறுற கட்டத்துல இருட்டுல மூடி வச்சு, பொரியுற அன்னிக்கு காலைல வெளிச்சத்துக்கு கொண்டு வந்துடுங்க. பொரிச்சு ரொம்ப நேரம் பட்டினி போட்டா பசில எதையும் தின்னும்னு சில பேர் சொல்றாங்க, என் அனுபவத்துல அது நடந்து நடந்து தெம்பு போய் நல்ல தீனியையும் விட்டுடுது, அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள விட்டுடுறேன்.

இப்ப நான் போடுறது நூறு கிராம் காஞ்ச கலவைக்கு இலைப் பொடி நாப்பது, வேக வச்ச சோயா முப்பது, ஸ்டார்ச் எட்டு, சக்கரை ஆறு, அகர் ஆறு, செல்லுலோஸ் மூணு நாலு, மிச்சம் உப்புக் கலவை, ஆசிட், வைட்டமின். ரெண்டாவது பருவம் வந்ததும் இலைப் பொடிய கொஞ்சம் கொறைச்சு சோயாவ ஏத்திப் பாக்குறேன், ஒரு தடவை தீனிய ஏத்துக்கிட்ட புழு அப்புறம் அவ்ளோ கறாரா இருக்குறது இல்ல. மொத்த ஆயுள்ல தின்னுறதுல முதல் ரெண்டு பருவமும் சேத்து நூத்துக்கு ரெண்டு பங்கு கூட வராது, எம்பது பங்குக்கு மேல கடைசி பருவத்துலதான் தின்னுது. அதனால இளம்புழு தீனில இலைப் பொடிய மிச்சம் பிடிக்கிறதுல லாபமே இல்ல, இருக்குறதுலயே நல்ல பொடிய இங்கதான் போடணும்.

மூணாவது பருவத்துல இலைக்கு மாத்துறப்ப, தோலுரிப்பு முடிஞ்சு முக்கால்வாசி புழு எழுந்தப்புறம் மொதல் வேளைக்கு இளசு இலைய மெல்லிசா நறுக்கி தூவுங்க, பழைய தீனித் துண்ட அப்பவே எடுத்துடாதீங்க. புழு தானா ஏறி மேல வந்துடும், அடுத்த வேளைக்கு அடில இருக்குற மிச்சத்த எடுத்தா போதும், கையால ஒண்ணு ஒண்ணா பொறுக்கி மாத்துனீங்கன்னா காலு பிஞ்சிடும். கடைசி பேட்ச்ல இலைய தூவிட்டு குனிஞ்சு பாத்துட்டே இருந்தேன், பத்து நிமிஷத்துல தீனித் துண்டு மேல ஒண்ணு கூட மிச்சம் இல்ல, எல்லாம் இலை ஓரத்த பிடிச்சு வரிசையா உக்காந்துடுச்சு.